லோர்னாவுக்கு ஏற்ற துப்பாக்கி

கம்பளக் கடை நொடித்துப்போன பிறகு அந்தக் கட்டடத்தை எடுத்துக்கொண்டது இல்லக் கேடயச் சங்கம். எங்கள் ஊர் ப்ரூக்ஸ் ஃபெர்ரியில் அதற்கு முன்பும் சங்கங்களுக்குக் குறைவில்லை. மான் வேட்டைக்காரர்களுக்கு ஒன்று, போலந்துக்காரர்களுக்கு ஒன்று, போலந்துக்காரர்களோடு சண்டை போட்டுப் பிரிந்த போலந்துக்காரர்களுக்கு ஒன்று. ஆனால் உடுப்புக்குள் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு நடமாடும் குடிமக்களுக்கென்று ஒரு சங்கம் இல்லையே என்று முதலில் வருந்தியவர் வெண்டல் ஸ்ட்ரோப். அவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் முதல் கூட்டத்தில் அவரைத் தலைவராக்கினார்கள். இரண்டாவது கூட்டத்தில் கர்னல் ஆக்கினார்கள். எந்தப் படையில் என்று யாரும் கேட்கவில்லை.

மறைத்து வைத்த துப்பாக்கி எக்காரணம் கொண்டும் வெளியே தெரியக் கூடாது என்பது சங்கத்தின் தலையாய விதி. அதை ஊருக்குத் தெரிவிப்பதற்காக உறுப்பினர்கள் எல்லோரும் ‘என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியாது’ என்று முதுகில் கொட்டை எழுத்தில் அச்சடித்த மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்கும் தேவாலயத்துக்கும் போய்வந்தார்கள்.

லோர்னா குபியாக் இந்தச் சங்கத்தில் சேர்ந்தது டென்னியால்.

நானும் லோர்னாவும் ஒரே பல் மருத்துவமனையில் வேலை பார்த்தோம். நான் உள்ளே பல் சுத்தம் செய்பவள். அவள் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தருகிறவள். டென்னி அவளுடைய பழைய கணவன். ஊரில் எல்லோருக்கும் பிடித்த ஆள். வீடுகளைச் சூடாக்கும் உலைகளைப் பழுதுபார்ப்பது அவன் தொழில். பனி கொட்டுகிற நாளிலும் கூப்பிட்ட குரலுக்கு வருவான். கிழவிகளிடம் கூலி வாங்க மாட்டான். லோர்னாவை அவன் ஒரு நாளும் அடித்ததில்லை. கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டான், தாழ்த்துவான். ஒருமுறை அவள் தன் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னபோது, சமையலறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, மதியம் முழுக்க அவளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தான். பொழுது சாய்ந்த பிறகு கதவை விட்டு நகர்ந்தான். அவள் போகவில்லை.

விவாகரத்து ஆன பிறகு அவனுடைய வண்டி தினமும் மருத்துவமனைக்கு எதிரில் வந்து நின்றது. உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்றபடி அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். லோர்னா காவல் நிலையத்துக்குப் போனாள். சொந்த வண்டியில் உட்கார்ந்து ரொட்டி தின்பது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை என்று அங்கே சொன்னார்கள். பிறகு ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள் சமையலறையில் டென்னி நாற்காலி மேல் நிற்பதைப் பார்த்தாள். புகை எச்சரிக்கைக் கருவிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். அது கத்திக்கொண்டே இருக்குமே என்றுதான் வந்தேன் என்றான். சாவியை அவள் எப்போதோ திரும்ப வாங்கியிருந்தாள். மறுபடியும் காவல் நிலையத்துக்குப் போனபோது, உடைத்துக்கொண்டு நுழைந்த தடயம் எதுவும் இல்லை, பேட்டரியும் நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். கைப்பையில் ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது என்று ஒரு காவலர் தனியாகச் சொல்லி அனுப்பினார். அவரும் சங்கத்தின் உறுப்பினர்.

அப்படித்தான் லோர்னா ஒரு சனிக்கிழமை அந்தக் கம்பளக் கடைக்குள் நுழைந்தாள்.

புதிதாகச் சேர வருகிறவர்களிடம் கர்னல் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: உங்களுக்கு ஆபத்து எதிலிருந்து? அதுவரை சேர்ந்தவர்கள் எல்லோரும் பொதுவாகச் சொன்னவர்கள். நாடு போகிற போக்கு என்றார்கள். பெரிய நகரத்திலிருந்து வருகிறவர்கள் என்றார்கள். ஒருவர் விலைவாசி என்றார். லோர்னா ஒரு பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். வண்டியின் நிறத்தைச் சொன்னாள்.

கர்னல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார் என்று அவள் பிறகு என்னிடம் சொன்னாள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே யாருக்கும் நிஜமான ஆபத்து இருந்ததில்லை. இப்போது ஒன்று தானாக வாசல் தேடி வந்திருந்தது. உள்ளறையிலிருந்து மற்றவர்களைக் கூப்பிட்டார். பயிற்சி அதிகாரி கார்த் மலின் வந்தார். கர்னலின் மனைவியும் பெண்கள் பிரிவின் தலைவியுமான நோரீன் வந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து லோர்னா சொன்னதைக் கேட்டார்கள். குறுக்கே பேசவில்லை. டென்னி ரொம்ப நல்லவனாச்சே என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஊரில் அவளுக்கு அது முதல் அனுபவம்.

"நீ சொல்றத நாங்க நம்பறோம், கண்ணு," என்றார் கர்னல். "இனிமே நீ தனியாள் இல்ல."

லோர்னா அழுதுவிட்டாள். நோரீன் காகிதக் கைக்குட்டை கொடுத்தாள். பிறகு எல்லோரும் எழுந்து நின்று வலது கையை இடுப்பில் வைத்து உறுதிமொழி எடுத்தார்கள்: எந்த உறுப்பினரையும் கைவிட மாட்டேன், எந்த உறுப்பினரைப் பற்றியும் வெளியே பேச மாட்டேன், எந்த உறுப்பினருக்கும் எதிராக நிற்க மாட்டேன். அவளும் சொன்னாள். மனதாரச் சொன்னாள்.

அடுத்தது துப்பாக்கி. லோர்னாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைக்குப் போய்ச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பதைச் சங்கம் அவளுக்கு எடுத்துச் சொன்னது. அவளுக்கென்று ஒரு துப்பாக்கித் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. அதற்கு ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள். குழு வாரந்தோறும் கூடியது. முதல் கூட்டத்தில் குழுவுக்குச் சின்னம் தேர்வு செய்தார்கள்.

பிரச்சினை என்னவோ எளிமையானதுதான். துப்பாக்கி சின்னதாக இருந்தால் எளிதில் மறைக்கலாம். ஆனால் கையில் பிடி நிற்காது, சுடும்போது உதைக்கும், குறி தப்பும். பெரிதாக இருந்தால் குறி தப்பாது. ஆனால் மெல்லிய சட்டைக்குள் செங்கல்லைச் செருகினதுபோல் புடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை அவரவர் கைக்கும் இடுப்புக்கும் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். குழு அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம்மிடம் இருப்பதையே அவளுக்குச் சிபாரிசு செய்தார்கள்.

கார்த் மலின் பெரிய தோட்டாவின் ஆள். நாற்பத்தைந்து காலிபர் தோட்டாவுக்குக் குறைந்த எதுவும் எதிரியைக் கோபப்படுத்துமே தவிர நிறுத்தாது என்பது அவர் கொள்கை. சுடுதளத்தில் தன்னுடையதை லோர்னாவிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டதில் தோட்டா கூரையில் பட்டது. எதிரி மாடியில் இருந்தால் இது போதும் என்று குழுவில் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஒரு துணைத் தலைவர் தன் கால்சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. லோர்னாவின் சுண்டுவிரலுக்கு அதில் இடமே இல்லை, காற்றில் தொங்கியது. இருக்கிறதிலேயே அது சின்னதென்பதால் உள்ளே சுருள்வில் இறுக்கம். தோட்டாவை ஏற்றுவதற்கு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கவே அவளால் முடியவில்லை. துணைத் தலைவர் இழுத்துக் கொடுத்தார். நிஜமான ஆபத்து வரும்போதும் நீங்கள் பக்கத்தில் இருப்பீர்களா என்று அவள் சந்தேகமாகத்தான் கேட்டாள். குழு அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. மூன்று முறை சுட்டதில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் பிய்ந்து, மறுநாள் மருத்துவமனையில் பேனாவே பிடிக்க முடியாமல் இருந்தாள்.

கடைசியில் இளஞ்சிவப்புப் பிடி வைத்த ஒன்றைக் குழு பெரும்பான்மை வாக்கில் தீர்மானித்தது. அதை யாரும் சுட்டுப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் நோரீனின் பெண்கள் பிரிவு, துப்பாக்கியை எங்கே வைப்பது என்பதை எடுத்துக்கொண்டது. தொடைக்கு உறை, வயிற்றுக்குப் பட்டை, மார்புக்கச்சைக்கு நடுவில் கொக்கி. ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு லோர்னா மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் மேசை போட்டு உறுப்பினர்கள் உட்கார்ந்திருப்பார்கள். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் கையைத் தூக்க வேண்டும். ஆண்கள் பிரிவு இந்தப் பயிற்சியில் மிகுந்த ஈடுபாடு காட்டியது. அவள் திரும்பி ஒருமுறை நடந்தால் நல்லது என்று கேட்டுக்கொண்டது. அடுத்து கட்டிப்பிடிப்புத் தேர்வு. தெரிந்தவர்கள் கட்டிப்பிடிக்கும்போதுதான் மறைத்த துப்பாக்கி அகப்பட்டுவிடுகிறது என்பதால், லோர்னா நிர்வாகிகள் அனைவரையும் ஒருமுறை கட்டிப்பிடித்துக் காட்ட வேண்டும். இரண்டு பேர் மறுதேர்வு வேண்டும் என்றார்கள்.

இதையெல்லாம் மதிய உணவு நேரத்தில் அவள் என்னிடம் சொல்வாள். நான் சிரிப்பேன். அவளும் கொஞ்சம் சிரிப்பாள். ஆனால் அவர்களை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டாள். "அவங்க கோமாளிங்கதான், ஐலீன்," என்றாள் ஒருநாள். "ஆனா என் கோமாளிங்க."

துப்பாக்கியை அவள் தானேதான் தேர்ந்தெடுத்தாள். ஆற்றங்கரைச் சாலையில் உள்ள கடைக்கு ஒரு மாலை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இளஞ்சிவப்பைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றாக வாங்கி, காலியாக இருக்கிறதா என்று தானே திறந்து பார்த்து, பிடியில் விரல்கள் எல்லாம் உட்காருகின்றனவா, மேல்பாகத்தை யார் உதவியும் இல்லாமல் இழுக்க முடிகிறதா என்று பார்த்தாள். நடுத்தர அளவில், தட்டையாக, ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா போடுகிற கறுப்புத் துப்பாக்கி ஒன்று அவள் கைக்குச் சரியாக இருந்தது. வலது இடுப்பில், கால்சட்டைக்கு உட்புறம் உறை. மேலே கம்பளிச் சட்டை. கண்ணாடி முன் நின்று குனிந்தாள், நிமிர்ந்தாள், கையைத் தூக்கினாள். ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்து நேராகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

துப்பாக்கித் தேர்வுக் குழு அந்த வாரமே கூடி, அந்தத் துப்பாக்கியைத் தான்தான் தேர்ந்தெடுத்ததாகத் தீர்மானம் போட்டது.

அதன் பிறகு சங்கம் அவளுக்கு நல்லது செய்தது. அதை நான் மறைக்கவில்லை. கார்த் மலின் மஞ்சள் சட்டையில் மருத்துவமனை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டென்னியின் வண்டியை முறைத்துக்கொண்டிருந்தார். வேறு சிலரும் முறை வைத்து வந்தார்கள். ஒருநாள் வண்டி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. லோர்னா இரவில் தூங்க ஆரம்பித்தாள். வாதுமை வைத்துச் சுருட்டிய ரொட்டி சுட்டுச் சங்கத்துக்கு எடுத்துப்போனாள். கர்னல் அவளை உட்காரவைத்து, பாதுகாப்பு ஏற்பாடு முழுமையாக இருக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். அவள் சொன்னாள். வீட்டில் இருக்கும்போது துப்பாக்கியைச் சமையலறையில் ரொட்டி டப்பாவுக்குள் வைப்பதைச் சொன்னாள். அக்காவின் வீடு எங்கே இருக்கிறது என்று சொன்னாள். அதுவரை எனக்குக்கூடச் சொல்லாத ஒன்றையும் அவரிடம் சொன்னாள்: டென்னி குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தால் தன் கை அசையாது, கையில் எது இருந்தாலும் பிரயோஜனப்படாது என்று. கர்னல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

குளிர் முற்றியபோது கர்னல், ஆபத்தை நேரில் மதிப்பீடு செய்யப்போவதாக அறிவித்தார். நிர்வாகிகள் இரண்டு வண்டிகளில் டென்னியின் பட்டறைக்குப் போனார்கள். லோர்னா அன்று முழுக்க வேலையில் கவனமில்லாமல் இருந்தாள். ஒரே நேரத்தை மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டாள். மாலையில் கர்னல் தொலைபேசியில் பேசினார். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது, விவரம் உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும் என்றார். அவர் குரலில் உற்சாகம் தெரிந்ததாக அவள் என்னிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் கார்த் மலின் வாசலில் உட்காருவதை நிறுத்திவிட்டார். அந்த வாரம் சங்க மண்டபத்தில், கம்பளக் கடைக் காலத்திலிருந்து செத்துக்கிடந்த உலை திடீரென்று உயிர்பெற்றது, சங்கக் கூட்டங்களுக்கு ஆட்கள் குளிர்க் கோட்டு போடாமல் வர ஆரம்பித்தார்கள்.

சங்கத்தின் ஆண்டு விருந்து மார்ச்சில். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு விருந்தாளியைக் கூட்டிவரலாம். லோர்னா என்னைக் கூட்டிப்போனாள். முட்டைக்கோஸ் வதக்கின நூடுல்ஸ், உருளைக்கிழங்கு அடைத்த பிரோகிக் கொழுக்கட்டை, மான்கறிக் குழம்பு, கடைசியில் ஒரு நீள மேசை நிறைய பிஸ்கட்டுகள். லோர்னா பச்சை நிறத்தில் புதுக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அவளைப் பார்த்தவர்கள் எல்லோரும் வலது இடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று பாராட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு முன் கர்னல் பேச எழுந்தார். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை.

"இந்த ஊர்ல நம்மளப் பாத்துச் சிரிச்சவங்க உண்டு," என்று ஆரம்பித்தார். "ஆபத்தே இல்லாத ஊருக்கு எதுக்கு இத்தனை துப்பாக்கின்னு கேட்டாங்க. போன வருஷம் நம்ம சகோதரி ஒருத்தங்க நெஜமான ஆபத்தோட நம்மகிட்ட வந்தாங்க. நாம என்ன செஞ்சோம்? போலீஸ் மாதிரி கையக் கழுவினோமா? இல்ல. நேரா ஆபத்தோட வீட்டுக்கே போனோம். நேருக்கு நேர் பாத்துப் பேசினோம். நாலு மணி நேரம் பேசினோம். ஆபத்து நமக்குக் காப்பி போட்டுக் கொடுத்துச்சு. அதுக்கும் மனசுல எவ்வளவோ வருத்தம். தன் வீடு, தன் குடும்பம், தன் உரிமைன்னு நெனைக்கிற ஒரு ஆம்பள. நாம எதுக்காக நிக்கறோமோ அதுக்காகத்தான் அதுவும் நிக்குது. சகோதர சகோதரிகளே, சங்கத்தோட வரலாற்றுலயே முதல் தடவையா ஒரு ஆபத்த நாம முழுசா ஒழிச்சிருக்கோம்னு பெருமையோட சொல்லிக்கறேன். ஏன்னா, அது இப்ப ஆயுள் உறுப்பினர்."

பக்கத்து அறையின் கதவு திறந்தது. டென்னி மஞ்சள் மேல்சட்டையில் வந்தான். புதுச் சட்டை, மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோரும் வலது கையை இடுப்பில் வைத்து உறுதிமொழியைச் சொன்னார்கள். டென்னிதான் சத்தமாகச் சொன்னான்.

லோர்னா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஒரு கைக்குள் என் கை இருந்தது, எனக்கு வலித்தது.

கைகுலுக்கல் எல்லாம் முடிந்து டென்னி ஒரு தட்டில் பிரோகி எடுத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தான். தட்டை அவள் முன்னால் வைத்தான். குனிந்து, பக்கத்தில் இருந்த என்னைத் தவிர வேறு யாருக்கும் கேட்காத அளவுக்குக் குரலைத் தாழ்த்தினான்.

"வலது இடுப்பா? நல்ல எடம், லோர். உனக்குப் பொருத்தமாத்தான் எடுத்திருக்க. அந்த ரொட்டி டப்பா மட்டும் வேணாம். ஈரம் கட்டும்."

அவளுடைய வலது கை மேசை மேல் இருந்தது. அது அசையவே இல்லை. அவன் நகர்ந்து பிஸ்கட் மேசைக்குப் போன பிறகும் அசையவில்லை. நான்தான் அவளுடைய கோட்டை எடுத்து மாட்டிவிட்டு வெளியே கூட்டிவந்தேன். வாசலில் கர்னல் நின்றிருந்தார். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று அவர் நினைத்தார்.

அவள் மறுநாள் சங்கத்துக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன். ஏதோ தவறு நடந்திருக்கும், சொன்னால் புரிந்துகொள்வார்கள், முன்பு புரிந்துகொண்டவர்கள்தானே என்றாள். கர்னலிடம், நான் சொன்ன ரகசியங்களை அவனிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள். உறுப்பினருக்கு உறுப்பினர் ரகசியம் கிடையாது என்றார் கர்னல். அவன் என் வீட்டுக்குள் வந்தவன் என்றாள். கர்னலின் முகம் மாறியது. ஓர் உறுப்பினரை இன்னோர் உறுப்பினர் ஆபத்து என்று சொல்வது உறுதிமொழிக்கு விரோதம், இதைக் கேட்ட பிறகு சும்மா இருக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று வருத்தத்துடன் சொன்னார்.

விசாரணை வைத்தார்கள். விருந்து நடந்த அதே மண்டபம், அதே மேசைகள். உறுப்பினர் அல்லாதவர் பேசக் கூடாது என்ற நிபந்தனையில் என்னைப் பின்வரிசையில் உட்கார விட்டார்கள். டென்னியும் வந்திருந்தான், தன் விஷயம் என்பதால் ஓட்டுப் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அவனுடைய கண்ணியத்தைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார்கள்.

கார்த் மலின் எழுந்து, தான் டென்னியோடு சுடுதளத்துக்குப் போனதாகவும், அவ்வளவு நிதானமான கையைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றும் சாட்சி சொன்னார். இருபத்தைந்து அடியில் எல்லாத் தோட்டாவும் ஒரே ஓட்டை வழியாகப் போயினவாம். இப்படிப்பட்டவரைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு துப்பாக்கித் தேர்வுக் குழு அறிக்கை வாசித்தது: சகோதரியின் துப்பாக்கி, ஆபத்து ஒன்று இருப்பதாக எண்ணித் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஆபத்து உறுப்பினராகிவிட்டபடியால் இனி அவருக்கு அவ்வளவு பெரியது தேவையில்லை, இளஞ்சிவப்பே போதுமானது.

பிறகு நோரீன். லோர்னா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உறையையும் அவளுக்கு மாட்டிவிட்டு, இடுப்பு அளவெடுத்து, உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருந்தால் என்று சொன்னவள்.

"லோர்னா நல்ல பொண்ணுதான்," என்றாள் நோரீன். "பயந்து பயந்து அதுவே பழகிப்போச்சு. நாங்க அவ பயத்தப் போக்கிக் கொடுத்தோம். அது பிடிக்கல போல."

லோர்னாவுக்குப் பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். அவள் எழுந்தாள். டென்னி தொண்டையைச் செருமினான், அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், உட்கார்ந்துவிட்டாள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை என்று கர்னல் பதிவு செய்யச் சொன்னார். கைகள் உயர்ந்தன. அவளை நீக்கினார்கள். உறுப்பினர் அல்லாதவர்களுக்குக் காவல் நிற்கச் சங்கத்துக்கு வசதி இல்லை என்பதையும், மஞ்சள் சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிவித்தார்கள்.

மறுநாள் காலை எதிரில் வண்டி நின்றது. டென்னி மஞ்சள் சட்டையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். ரோந்து வந்த காவலர் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக அவனோடு கைகுலுக்கிவிட்டுப் போனார்.

லோர்னா ஊரை விட்டுப் போனாள். எப்படி, எந்த வழியாக என்பதை நான் சொல்லப்போவதில்லை. அக்கா வீட்டுக்கு இல்லை. அந்த விலாசம் இப்போது ஊருக்கே தெரியும். மருத்துவமனையின் பின்வாசல் வழியாக, பல் அச்சுகள் கொண்டுபோகும் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டினேன். பெட்ரோல் போட நிறுத்தின இடத்தில், இடுப்பிலிருந்து துப்பாக்கியை உறையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி அதை எங்கே வைப்பது என்று யோசிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டென்னி கண்டுபிடித்துவிடுவான் என்று பயமா என்று கேட்டேன்.

"டென்னி என்னை ஏமாத்தல, ஐலீன்," என்றாள். "அவன் எப்பவும் அவனாத்தான் இருந்தான். போலீஸும் ஏமாத்தல. அவங்க என்னை நம்பவே இல்ல. இவங்க நம்பினாங்க. நெஜமாவே நம்பினாங்க. நம்பி, எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, நேரா கொண்டுபோய் அவன் கையில கொடுத்தாங்க."

அவள் போன பிறகு சங்கம் சும்மா இருக்கவில்லை. துப்பாக்கியோடு ஒரு பெண் எங்கோ தனியாக இருக்கிறாளே என்று கவலைப்பட்டது. அவளைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு குழு அமைத்தது. அவளுடைய பழக்கவழக்கங்களை நன்றாக அறிந்தவர் என்ற முறையில் டென்னியை அதற்குத் தலைவராகப் போட்டார்கள். மஞ்சள் சட்டைகள் பேருந்து நிலையத்திலும் தேவாலய வாசலிலும் அவள் படத்தைக் காட்டி விசாரித்தன. ஊர்க்காரர்கள் நெகிழ்ந்துபோனார்கள். நீக்கின உறுப்பினர்மேல் இவ்வளவு அக்கறையா என்று பேசிக்கொண்டார்கள்.

மே மாதத்தில் கர்னல் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார். என் நாற்காலியில்தான் படுத்தார். உட்காரும்போது இடுப்பில் இருந்தது குத்தியதால் ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டார். மார்பில் துணியைக் கட்டிவிட்டு, விளக்கை இழுத்து முகத்துக்கு நேரே வைத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

லோர்னா எங்கே என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் கேட்பதாகச் சொன்னார்.

தெரியாது என்றேன்.

கர்னல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரத்தில் நிஜமாகவே ஈரம் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

"அவளுக்கு நாங்க எவ்வளவு செஞ்சோம்," என்றார். "எங்க போறேன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நம்பினவங்கள இப்படி விட்டுட்டுப் போறதுக்குப் பேரு என்ன தெரியுமா, ஐலீன்?"

"வாயை நல்லா திறங்க, கர்னல்," என்றேன்.